ஆற்றுப்படை மரபும் கடல்கடந்த வணிகக் கல்வியும்

பழந்தமிழ் இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை என்பது தனிச்சிறப்புடையது. வள்ளல் ஒருவனை அடைந்து பரிசில் பெற்று மீளும் கூத்தனோ பாணனோ பொருநனோ, தன்னைப்போல் வறுமையுற்று எதிரே வரும் ஒருவனைக் கண்டு, தான் பெற்ற வளத்தைக் கூறி, அவ்வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியையும் அவனுக்கு உணர்த்துவதே இதன் இலக்கணம். தொல்காப்பியர் இதனைப் புறத்திணையியலில் வகுத்துரைத்தார். பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் இவ்வகையின. பத்தில் ஐந்து இவ்வொரு வகைக்கே உரியனவாயின என்றால், சென்று வந்தவன் செல்லவிருப்பவனுக்கு வழி சொல்லுதலைப் பண்டைத் தமிழர் எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பது விளங்கும்.

இக்காலத்து இளைஞர் நாடுவது வள்ளலின் வாயிலை அன்று. பிறநாட்டுப் பல்கலைக்கழகத்தின் வாயிலையே ஆகும். அவருள்ளும் வணிக நிருவாக முதுமாணிப் பட்டத்தை நாடிக் கடல் கடப்போர் பலர். காணியை ஈடுவைத்தும், நகையை அடகுவைத்தும், வங்கியிற் கடன் பெற்றும் பெற்றோர் தம் மக்களை இக்கல்விக்கு அனுப்புகின்றனர். ஓராண்டு அல்லது ஈராண்டுப் படிப்புக்காக ஒரு குடும்பம் பல்லாண்டு உழைத்துச் சேர்த்தது முழுவதும் செலவாவதுண்டு. அவ்வாறிருந்தும், அவ்வழியை முன்னர் நடந்த ஒருவரிடமேனும் கேட்டறியாது, கல்லூரி அச்சிட்டு வழங்கும் விளம்பர ஏட்டை மட்டும் நம்பிப் புறப்படுவோர் உளர். செல்லுமுன் அக்கல்லூரியின் பழைய மாணவரோடு தொடர்பு கொள்ளுதல் ஏன் வேண்டும், எவரை நாடுதல் வேண்டும், எதனைக் கேட்டல் வேண்டும், அவர் சொல்லை எவ்வாறு நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

ஆற்றுப்படை நூல்களுள் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் துணைபுரிவது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் செங்கண்மாவை ஆண்ட நன்னன்மேற் பாடிய இப்பாட்டில், பரிசில் பெற்று வரும் கூத்தன் நன்னனின் கொடையை மட்டும் புகழ்ந்து நின்றுவிடவில்லை. மலைவழியில் நேரும் இடர்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கின்றான். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்குமாதலால் விடிந்தபின் செல்லுமாறு கூறுகின்றான். பாம்பு மறைந்துறையும் குழிகளைச் சொல்லுகின்றான். யானையை விரட்டக் கானவர் எறியும் கவண்கல் படாமற் செல்லும் வகையைச் சொல்லுகின்றான். பாசி படர்ந்து வழுக்கும் நீர்நிலைக் கரைகளையும், வழியில் எவ்வெவ்வூரார் எவ்வெவ்வுணவு அளிப்பர் என்பதனையும் சொல்லுகின்றான். இடரும் பயனும் ஒருங்கே உரைக்கப்படுதலே நல்ல ஆற்றுப்படைக்கு அடையாளம் என்பது இதனாற் பெறப்படும். பயனை மட்டும் உரைப்பது விளம்பரமேயன்றி வழிகாட்டுதல் ஆகாது.

முன்சென்றோர் சொல்லின் பயனையும் அதனால் விளையக்கூடிய கேட்டையும் ஒருங்கே காண விழைவோர்க்குக் கண்டியைச் சூழ்ந்த மலைநாடே சான்றாகும். பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஊடறுத்துச் செல்லும் கலகா வீதி, மலைகளின்மேல் ஏறிக் கலகாவையும் தெல்தோட்டையையும் அடைந்து, ஹேவாஹெட்ட மலைப்பகுதியை நோக்கிச் செல்கின்றது. அப்பகுதியைச் சார்ந்த லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கர் நிலத்திற் பயிரிடப்பட்ட தேயிலையே இலங்கையில் வணிக நோக்குடன் முதன்முதற் பயிரிடப்பட்ட தேயிலையாகும். அதனைப் பயிரிட்டவர் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர்.

டெயிலர் 1852ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தபோது அவர்க்கு வயது 16. அவர் கண்களை மூடிக்கொண்டு கப்பல் ஏறியவர் அல்லர். அவருடைய உறவினர் ஒருவர் அவருக்கு முன்னரே இந்நாட்டுக் கோப்பித் தோட்டமொன்றிற் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவ்வுறவினர் வாயிலாகவே டெயிலருக்கு இங்கு வேலை வாய்த்தது. அந்நாளில் ஸ்கொத்லாந்தின் வடகிழக்குச் சிற்றூர்களிலிருந்து ஒருவர்பின் ஒருவராக இளைஞர் இலங்கை மலைநாட்டுக்கு வந்தமைக்குக் காரணம் இத்தகைய உறவுத்தொடர்பே.

தேயிலைத் தொழிலையும் டெயிலர் ஏடுகளைப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. இந்தியாவின் கச்சார்ப் பகுதியிலே தேயிலைத் தோட்டத்தில் அனுபவம் பெற்ற நோபிள் என்பவர் இவ்வழியே வந்தபோது, கொழுந்து கொய்யும் முறையையும், அதனை வாட்டிச் சுருட்டும் முறையையும் அவரிடமிருந்து அறிந்துகொண்டார். பின்னர்த் தம் இல்லத்துத் திண்ணையிலேயே மேசைமீது கொழுந்தைக் கையாற் சுருட்டி, களிமண் அடுப்பில் கரிநெருப்பின்மேல் உலர்த்திப் பழகினார். 1869ஆம் ஆண்டளவிற் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றத் தொடங்கிப் பின்னர் அத்தொழில் அடியோடு சாய்ந்தபோது, மலைநாட்டுக்கு மாற்றுத்தொழிலாகத் தேயிலை இருந்தது. அனுபவமுடைய ஒருவரைக் கண்டபோது அவரிடம் செய்முறையைக் கேட்டறிந்த சிறுசெயலுக்கும் அவ்விளைவில் ஒரு பங்குண்டு. 1892ஆம் ஆண்டு லூல்கந்துரவிலேயே உயிர்நீத்த டெயிலரின் கல்லறை கண்டி மகியாவையில் இன்றும் உள்ளது.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அம்மலைகளிற் காடழித்துக் கோப்பியும் தேயிலையும் நட்ட தமிழ்த் தொழிலாளரும் முன்சென்றோர் சொல்லைக் கேட்டே கடல் கடந்தனர். அவர்க்கு வழிகாட்டியவன் கங்காணி. அவன் தன் ஊருக்கு மீண்டு, தன் உறவினரையும் ஊரவரையும் கண்டு, தோட்டத்து வாழ்வைப் புகழ்ந்துரைத்து, வழிச்செலவுக்கு முற்பணமும் கொடுத்து அழைத்து வந்தான். புறத்தோற்றத்தில் இதுவும் ஓர் ஆற்றுப்படையே. ஆயின் அழைத்துவரப்பட்டோர் வேலைக்குச் செல்லும் நாளுக்கெல்லாம் ஆளெண்ணிக்கைப்படி அவனுக்குப் பணம் கிடைத்தது. வந்தவர் தலையில் முற்பணக்கடன் ஏறியது. அக்கடனைக் குறித்த துண்டுச்சீட்டு, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளரைப் பிணைத்துச் செல்லும் சங்கிலியாயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அத்துண்டு முறையை ஒழித்தது. கங்காணி வழி அறியாதவன் அல்லன். அவ்வழியைப் பன்முறை நடந்தவன். எனினும் கேட்போன் வருதலினால் அவனுக்கு ஊதியம் இருந்தமையால், மலைபடுகடாத்துக் கூத்தனைப் போல் இடர்களை அவன் எடுத்துரைக்கவில்லை.

ஒருவர் முன்சென்றவர் என்பதனால் மட்டும் அவர் சொல் வேதவாக்கு ஆகிவிடாது என்பது இதனால் விளங்கும். சைவ சித்தாந்த நூலார் அறிவைப் பெறும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாகக் கொள்வர். கண்ணாற் கண்டறிதல் காட்சி. கண்டதுகொண்டு காணாததனை உய்த்துணர்தல் கருதல். நம்பத்தக்கோர் வாய்க்கேட்டறிதல் உரை. நம்பத்தக்கோனை வடநூலார் ஆப்தன் என்பர். கூறும் பொருளைத் தானே நேரில் அறிந்திருத்தலும், அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்தும் விருப்புடையனாதலும் அவனுக்குரிய இலக்கணங்கள். முதலாவது இலக்கணம் கங்காணிக்கு இருந்தது, இரண்டாவது இல்லை. பிறநாட்டுக் கல்வி குறித்துப் பழைய மாணவரை நாடுவோரும் இவ்விரு இலக்கணங்களையும் உரைகல்லாகக் கொள்ளுதல் வேண்டும்.

இனி, பிற கல்வித்துறைகளிலும் பார்க்க வணிக நிருவாகத் துறையில் இத்தொடர்பு ஏன் இன்றியமையாததாகின்றது என்பதை அறிதற்கு அக்கல்வியின் இயல்பை அறிதல் வேண்டும். அமெரிக்காவில் வார்ட்டன் கல்லூரி 1881ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. வணிக நிருவாக முதுமாணி என்னும் பட்டநெறியை 1908ஆம் ஆண்டு முதன்முதல் வகுத்தது ஹாவர்ட் பல்கலைக்கழகத்து வணிகக் கல்லூரி. இக்கல்லூரிகளிற் புகுவோர்க்குரிய பொது நுழைவுப் பரீட்சை 1954ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. பிரான்சில் இன்சியாட் 1957ஆம் ஆண்டிலும், அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961ஆம் ஆண்டிலும், இலண்டன் வணிகக் கல்லூரி 1964ஆம் ஆண்டிலும் தோன்றின.

இக்கல்லூரிகள் பலவற்றில் நிகழ்வுமுறை எனப்படும் கற்பித்தல் முறை பயின்று வருகின்றது. ஒரு நிறுவனத்துக்கு உண்மையில் நேர்ந்த சிக்கலை எழுத்தில் வடித்துக் கொடுத்து, மாணவரே அதனை வாதித்துத் தீர்வு காணுமாறு செய்வது அம்முறை. ஆசிரியர் விரிவுரை ஆற்ற மாணவர் குறிப்பெழுதும் வழக்கத்திற் பயின்று வந்த இலங்கை மாணவர்க்கு இது புதிது. வகுப்பிற் பேசும் பேச்சுக்கும் புள்ளி உண்டு. பேசத் தயங்குவோர் எத்துணை அறிவுடையராயினும் பின்தங்குவர். உடன்பயில்வோர் பலர் சில ஆண்டுகள் தொழில் செய்துவிட்டு வந்தவர்கள். கல்வியின் ஒரு பாதி நூல்களிலிருந்தன்றி அவர்களிடமிருந்தே பெறப்படுவது. படிப்பு முடிந்தபின் வேலை தேடுதற்கும் பழைய மாணவர் தொடர்பே பெருந்துணையாகின்றது. மருத்துவக் கல்லூரியின் தரத்தை அதன் பாடத்திட்டங்கொண்டு ஓரளவு அறியலாம். வணிகக் கல்லூரியின் தரமோ அங்குப் பயின்று வெளியேறிய மனிதரைக் கொண்டே பெரிதும் அறியப்படும். எனவே அவர்களைக் காணாது அக்கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல், பொருளைப் பாராது விலை பேசுதலை ஒக்கும்.

பழைய மாணவரைக் கண்டறிதல் அரிதன்று. வணிகக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கெனத் தனி அலுவலகம் உண்டு. விண்ணப்பிக்க விரும்புவோர் எழுதிக் கேட்டால், அவர் நாட்டவர் ஒருவரின் தொடர்பை அவ்வலுவலகம் ஏற்படுத்திக் கொடுப்பது வழக்கம். ஆயினும் கல்லூரியே தெரிந்து அனுப்பும் மாணவர் கல்லூரியின்பாற் பற்றுடையராக இருத்தல் இயல்பு. ஆதலின் அவரோடு அமையாது, தாமே தேடிக் கண்ட ஓரிருவரிடமும் கேட்டல் வேண்டும். செவனிங் புலமைப்பரிசில் பெற்றோர் படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகளேனும் தாய்நாட்டில் வாழ்தல் வேண்டும் என்பது அப்பரிசிலின் விதி. எனவே பிரித்தானியாவிற் பயின்று மீண்டோரைக் கொழும்பிலும் கண்டியிலுமே நேரிற் காண்டல் கூடும். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலிய நகரங்களில் இயங்குகின்றன. அங்குள்ளோர் வணிகக் கல்லூரியிற் பயின்றவர் அல்லராயினும், வீட்டு வாடகை, குளிர்கால உடை, பேருந்துக் கட்டணம் முதலியன பற்றி அவர்களைப் போல் அறிந்துரைப்போர் இலர்.

ஒருவரை மட்டும் கேட்டு அமைதல் போதாது. மூவகையினரை நாடுதல் நன்று. முதல்வகையினர் சென்ற ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றோர். செலவு, உறையுள், வகுப்பு முறை, நுழைவனுமதி ஆகியவற்றை இவர்களே திருத்தமாக அறிவர். இரண்டாம் வகையினர் பட்டம் பெற்றுப் பத்தாண்டு கடந்தோர். அப்பட்டம் வாழ்வில் என்ன பயன் தந்தது, கடன் எத்தனை ஆண்டுகளில் தீர்ந்தது என்பவற்றை இவர்களன்றிப் பிறர் கூற இயலாது. மூன்றாம் வகையினர் எதிர்பார்த்த வேலை கிடைக்காது நாடு திரும்பியோர் அல்லது படிப்பை இடையில் விட்டோர். இவர்களைக் கல்லூரி அறிமுகம் செய்துவைக்காது. தாமாகத் தேடியே காணல் வேண்டும். பலரும் நாடாத இம்மூன்றாம் வகையினரே மலைவழியின் பொறிகளையும் குழிகளையும் நன்கறிந்தவர்.

கேட்க வேண்டுவனவற்றையும் வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். விளம்பர ஏட்டிலே உள்ளதனைக் கேட்பது கேட்கப்படுவோரின் காலத்தை வீணாக்குவதாகும். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதிலும், கட்டணத்துக்கு மேல் எதிர்பாராத செலவு எவ்வெவற்றிற்கு நேர்ந்தது என்று கேட்பது பயன்றரும். வேலை கிடைக்குமா என்று கேட்பதிலும், உடன்பயின்ற தென்னாசிய மாணவருள் எத்தனைபேர்க்குப் படிப்பு முடிந்து ஆறு மாதங்களுள் வேலை கிடைத்தது, எத்துறையிற் கிடைத்தது என்று கேட்பது தெளிவு தரும். நல்ல கல்லூரியா என்னும் வினாவுக்கு ஆம் என்னும் விடையே வரும். இன்று மீண்டும் தேரும் நிலை வாய்ப்பின் இதே கல்லூரியைத் தேர்வீர்களா, செல்லுமுன் எதனைக் கற்றுக்கொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்னும் வினாக்களுக்கு எண்ணிப் பார்த்தே விடை கூறுவர். இவ்வினாவின் பயனாகவே கணக்கியலும் புள்ளிவிவரவியலும் முன்னரே பயிலுதல் நன்று என்றோ, ஆங்கிலத்தில் எழுதும் திறனிலும் பார்க்க வாதிக்கும் திறனை வளர்த்தல் நன்று என்றோ ஒருவர் அறிந்துகொள்வர்.

கடிதம் எழுதும் முறையிலும் கருத்து வேண்டும். தம்மை இரண்டொரு வாக்கியங்களில் அறிமுகம் செய்து, அவரை ஏன் நாடினார் என்பதைக் கூறி, மூன்று அல்லது நான்கு வினாக்களோடு அமைவதே தக்கது. ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிப் பலர்க்கு அனுப்புதல் கூடாது; அது வாசிப்போர்க்கு உடனே புலப்படும். முதற் கடிதத்திலேயே பரிந்துரையையோ பணவுதவியையோ வேலையையோ கேட்டல் முறையன்று. வழி கேட்கும் பாணன், வழி சொல்லுவோனிடத்தே பரிசிலையும் கேட்பதில்லை. தொலைபேசியில் உரையாட அவர் இசைந்தாராயின், இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள நேர வேறுபாட்டை அவர்க்கு ஏற்றவாறு தாமே கணக்கிட்டுக்கொள்ளல் வேண்டும். உரையாடியபின் நன்றி கூறுதலோடு, சில மாதங்கழித்து நேர்ந்த முடிவினையும் அறிவித்தல் பண்பு. அனுமதி கிடைத்ததாயினும் கிடைக்காததாயினும் அறிவித்தவரை அவர் மறவார். அடுத்து வரும் மாணவர்க்கும் மனமுவந்து விடையளிப்பார்.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. இன்சியாட் போன்ற சில கல்லூரிகளில் விண்ணப்பதாரரை நேர்முகம் காண்போர் பழைய மாணவரே ஆவர். அந்நிலையில் அவர் வழிகாட்டி அல்லர்; தேர்வாளர் ஆவர். தேர்வாளரிடம் கூறத்தக்கதும் வழிகாட்டியிடம் கேட்கத்தக்கதும் வேறு வேறு. எனவே, வழிகாட்டிகளை நேர்முகத்துக்கு முன்னரே கண்டுகொள்ளுதல் வேண்டும்.

பெற்ற விடைகளை நிறுத்துப் பார்த்தல் இறுதிக்கடமை. நேர்மையாளர் கூறிய சொல்லும் காலத்தாற் பழமையுற்றுப் பொய்படல் கூடும். பிரித்தானியாவுக்குச் சென்ற முதுமாணி மாணவர் முன்னர்த் தம் வாழ்க்கைத்துணையையும் பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்லல் இயன்றது. 2024ஆம் ஆண்டு சனவரி முதலாகத் தொடங்கும் வகுப்புமுறைப் பட்டநெறிகளுக்கு அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டிற் சென்றவர், குடும்பத்தோடு வாழ்ந்து துணைவரின் சம்பாத்தியத்தால் செலவைச் சமாளித்ததாகக் கூறுவது முற்றிலும் உண்மையாக இருக்கலாம். அதனை நம்பிப் பின்னர்ச் செல்வோர்க்கு அது பயன்படாது. ஆதலின் எவர் எதனைக் கூறினும் அஃது எந்த ஆண்டின் நிலை என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். சட்டவிதிகளை அவ்வந்நாட்டு அரசின் அறிவித்தல்களிலேயே சரிபார்த்தல் வேண்டும்.

பணத்தின் பெறுமதியும் அத்தகையதே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தளவில் அது ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. ஒரு மாணவர்க்கு 40,000 டொலர் தேவையெனக் கொண்டால், முந்திய கணக்கில் 80 இலட்சம் ரூபா போதும். பிந்திய கணக்கில் 144 இலட்சம் ரூபா வேண்டும். படிப்பின் இடையிலே இவ்வாறு 64 இலட்சம் ரூபா ஏறுமாயின், ஊரிலிருந்து பணம் அனுப்பும் பெற்றோர் நிலை யாதாகும்? அக்காலத்தில் வெளிநாட்டிற் பயின்றோர், இரண்டாம் தவணைப் பணத்தை எவ்வாறு கட்டினர், கல்லூரி தவணை நீட்டிப்புக்கு இசைந்ததா, பகுதிநேர வேலைக்கு எத்தனை மணித்தியாலம் அனுமதிக்கப்பட்டது என்பவற்றைத் தம் அனுபவத்தால் அறிவர். இதனை எந்த விளம்பர ஏடும் கூறாது.

பழைய மாணவரை ஒத்த வேடத்திற் பிறரும் வருவதுண்டு. மாணவரைச் சேர்த்துவிடும் முகவர் பலர்க்கு, அவர் அனுப்பும் மாணவர் ஒவ்வொருவர்க்கும் கல்லூரிகள் தரகுப்பணம் அளிக்கின்றன. அவர்களுள் நல்லோரும் உளர். விண்ணப்பப் பத்திரங்களை நிரப்புதல் முதலிய கருமங்களில் அவர்கள் உதவி பயன்படும். ஆனால் எக்கல்லூரிக்குச் செல்லலாம் என்னும் வினாவுக்கு அவர் கூறும் விடையைக் கேட்கும்போது, கங்காணியின் வரலாற்றை நினைவில் வைத்தல் நலம். யான் செல்வதனால் இவர்க்கு ஊதியம் உண்டா என்று கேட்போன் ஒவ்வொருவனும் தன்னுள் வினவிக்கொள்ளல் வேண்டும். ஊதியம் உண்டெனின் அவர் சொல்லைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. ஊதியமில்லாத இருவர் சொல்லோடு ஒப்பிட்டுக் கொண்டால் அமையும்.

இத்தொடர்பு எல்லோர்க்கும் ஒருபடித்தாக வாய்ப்பதன்று. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1870ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவருடைய மாமனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமி அதற்கு முன்னரே, 1863ஆம் ஆண்டில், இலண்டனில் நியாயவாதியாகத் தகுதி பெற்றவர். அருணாசலனாரின் பேரறிவு அவருடையதே. எனினும், மேனாட்டு வாழ்வையும் கல்வி முறையையும் கண்டறிந்த ஒருவர் தம் குடும்பத்திலேயே இருந்தமை அவர்க்கு வாய்த்த பேறு. அத்தகைய மாமன்மார் ஹேவாஹெட்டத் தோட்டமொன்றிலே கொழுந்து கொய்யும் தாயின் மகனுக்கோ மகளுக்கோ இலர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாற் பெருந்தொகையினர் நாடற்றவராயினர். தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தொடக்க வகுப்புக்களோடு நின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கட்டடங்கள் 1952ஆம் ஆண்டு முதல் கலகா வீதியின் இருமருங்கும் நின்றும், அவ்வீதியின் மேற்கோடியிலுள்ள லயங்களிலிருந்து அங்கு இறங்கிவர ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. இன்று அவ்விடங்களிலிருந்து பட்டதாரிகள் தோன்றுகின்றனர், வங்கிகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றுகின்றனர், மேற்படிப்பையும் எண்ணுகின்றனர். அவர்கட்கு அறிவில் குறைவில்லை. கேட்டறிதற்குரிய மனிதர் உறவில் இல்லை என்பதே குறை. அக்குறையாற் சிலர் தகுதியிருந்தும் விண்ணப்பியாது நின்றுவிடுதலும், சிலர் தரகர் சொல்லை நம்பிப் பயனற்ற கல்லூரிக்குக் குடும்பத்தின் பொருளை எல்லாம் கொடுத்துவிடுதலும் நேரக்கூடும்.

உறவினர் இல்லாதவர்க்கு உறவினர் ஆதல் கல்லூரிக்குரிய கடமை. பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை விருந்துண்டு கலைதலோடும், விளையாட்டு மைதானத்துக்குப் பொருள் சேர்த்தலோடும் அமையாது, வெளிநாட்டிற் பயின்ற தம் மாணவர் பெயர், பயின்ற கல்லூரி, பட்டநெறி, ஆண்டு, வினாக்களுக்கு விடையளிக்க இசைவுண்டா என்பன அடங்கிய பதிவேடு ஒன்றைப் பேணுதல் கூடும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்புப் புத்தகமும் ஆண்டுதோறும் அதனைத் திருத்தும் ஓர் ஆசிரியரும் போதும். பிறநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர், மேல்வகுப்பு மாணவர்முன் ஒரு மணிநேரம் தம் செலவுக்கணக்கையும் தாம் செய்த தவறுகளையும் எடுத்துரைப்பாராயின், அதன் பயன் மிகப்பெரிது. வெற்றியை மட்டும் கூறும் உரைகள் மாணவரை மயக்கும். தவறுகளைக் கூறும் உரைகள் அவர்களைக் காக்கும். அருகிலுள்ள தோட்டப் பாடசாலைகளிற் பயின்றோர்க்கும் அப்பதிவேடு திறந்திருத்தல் வேண்டும்.

மலைபடுகடாத்துக் கூத்தன் கூறும் அறிவுரைகளுள் இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. காட்டிலே வழிகள் பலவாகப் பிரியும் இடத்தை அடையும்போது, செல்லத்தக்க வழியைத் துடைத்துத் தெளிவாக்கி, அங்குள்ள புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்று அவன் சொல்லுகின்றான். அம்முடிச்சு முடிவோர்க்குப் பயன்படுவதன்று. அவ்வழியை முன்பு அறியாதவராய்ப் பின்னே வருவோர்க்கே பயன்படுவது. கடல்கடந்து கற்கச் செல்லும் மாணவர் முன்சென்றோரை நாடிக் கேட்டல் எத்துணைக் கடமையோ, கற்று முடித்தபின் தாமும் பின்வருவோர்க்கு அவ்வாறு புல் முடிந்து வைத்தல் அத்துணைக் கடமையாகும்.